மூன்று கிளை விதியை எடுத்துவிட்டால் மான் கூடுமா? (பென்சில்வேனியா, வெள்ளைவால் மான்)

12 அக்டோபர் 2024 – கேள்வி

பென்சில்வேனியாவில் 2002இலிருந்து கொம்பு விதி இருக்கு. ஒரு பக்கம் மூணு கிளை இல்லாத ஆண் மானைச் சுடக் கூடாது. எங்க கிளப் நிலத்துல மான் பார்வைக்குப் படுறதே குறைஞ்சு போச்சு. பழைய ஆட்கள் எல்லாரும் ஒரே குரல்ல சொல்றாங்க, கொம்பு விதி வந்த வருஷத்துலதான் மான் போச்சுன்னு. விதியை எடுத்துட்டா மான் திரும்ப வருமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க அண்ணா.

12 அக்டோபர், இரவு

வராது. கொம்பு விதிக்கும் மான் எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. விதி செய்வது ஒன்றே ஒன்று: ஒன்றரை வயது ஆண் மான்களில் ஒரு பங்கை அடுத்த சீசனுக்குக் கடத்திவிடும். மந்தை கூடுவதும் குறைவதும் பெட்டை மான் கையில் இருக்கிறது.

பழைய ஆட்கள் பார்த்தது பொய் இல்லை, காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்கள். அந்த இரண்டு வருஷத்தில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. 2000 வரை ஆண் மான் சீசன் இரண்டு வாரம், அது முடிந்த பிறகு பெட்டைக்கு மூன்றே நாள். 2001இல் இரண்டையும் ஒன்றாக்கி, பன்னிரண்டு நாளும் இரண்டையும் சுடலாம் என்றார்கள். 2002இல் கொம்பு விதி. அந்த 2002இல் மாநிலத்தில் மொத்தம் 5 லட்சத்துக்கு மேல் மான் விழுந்தது. அதில் சுமார் 3.5 லட்சம் கொம்பில்லாதவை, அதாவது பெட்டையும் குட்டியும். மான் குறைந்தது அதனால்தான். குறைக்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்தார்கள்.

விதி கேட்கும் அளவு: பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கம் 3 கிளை, மேற்குப் பகுதியில் 4.

13 அக்டோபர், காலை

திருத்தம். மேற்கில் 4 என்று எழுதினேன், அது பழைய விதி. ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வதே சரி. 2011இலிருந்து 1ஏ, 1பி, 2ஏ, 2பி, 2டி ஆகிய ஐந்து மேலாண்மைப் பகுதிகளில் "ப்ரோ டைனைச் சேர்க்காமல் மூன்று" என்று மாற்றிவிட்டார்கள்.

ப்ரோ டைன் என்பது கண்ணுக்கு மேலே, கொம்பின் அடியிலேயே முளைக்கும் சின்னக் கிளை. காட்டில் எண்ணுவதற்குக் கஷ்டமானது அதுதான். காதுக்கும் நெற்றி மயிருக்கும் நடுவில் மறைந்து நிற்கும். நான்கு கிளை கணக்கில் அது இருக்கிறதா இல்லையா என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மான் போய்விடும், அல்லது இருக்கிறது என்று நினைத்துச் சுட்டால் இருக்காது. "மேலே மூன்று" என்றால் மெயின் பீமின் (கொம்பின் நடுத்தண்டு) நுனி ஒன்று, அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கிளை இரண்டு. பக்கவாட்டில் நின்றாலே தெரியும். காப்பாற்றப்படும் மான்களில் பெரிய வித்தியாசம் இல்லை, எண்ணுவது மட்டும் சுலபமானது. நல்ல திருத்தம்.

13 அக்டோபர், மாலை

எண்ணும் முறையைக் கேட்டிருக்கிறார்கள்.

கிளை என்று கணக்கில் வர, அடியிலிருந்து நுனிவரை குறைந்தது ஓர் அங்குலம் இருக்க வேண்டும். அடி எது? மெயின் பீமின் மேல் விளிம்பை அந்த இடத்தில் கிளையே இல்லாதது போலத் தொடர்ந்து கோடு போட்டுப் பாருங்கள், அந்தக் கோடுதான் அடி. பீமின் நுனி எவ்வளவு நீளம் ஆனாலும் ஒரு கிளை. இதைப் பலரும் மறந்துவிட்டு, சட்டப்படி சரியான மானை விட்டுவிடுகிறார்கள். உடைந்த கிளை என்றால் மிச்சம் ஓர் அங்குலம் இருந்தால் எண்ணலாம். சிறுவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் இந்த விதி பொருந்தாது, அவர்களுக்குப் பழைய விதி: மூன்று அங்குல ஸ்பைக் (கிளையில்லாத ஒற்றைத் தண்டுக் கொம்பு) அல்லது இரண்டு கிளை.

காட்டில் நடப்பது இப்படி. எண்பது கெஜத்தில் ஹெம்லாக் மரங்களுக்கு இடையே மான் நடக்கிறது. தலை குனிந்து மோப்பம் பிடிக்கும்போது கொம்பின் பின்னால் சுள்ளிகள் தெரியும், அதையும் கிளை என்று கண் எண்ணிவிடும். ஆகவே குனிந்த தலையை எண்ணக் கூடாது. நிமிரும்வரை, பின்னால் வானமோ வெறும் மலைச்சரிவோ வரும்வரை காத்திருக்க வேண்டும். பைனாகுலரில் எண்ணுங்கள், ரைபிள் ஸ்கோப்பில் எண்ணாதீர்கள். ஸ்கோப்பில் எண்ணுகிறவர் விரல் ஏற்கெனவே பாதி முடிவு எடுத்துவிட்டது, தவிரவும் அது பாதுகாப்பான பழக்கமும் அல்ல. ஒரு பக்கம் மூன்று கிடைத்துவிட்டால் மறுபக்கம் எண்ண வேண்டாம். எண்ண முடியாத மானைச் சுட வேண்டாம்.

15 அக்டோபர்

"ஆண் மானைக் காப்பாற்றினால் மந்தை எப்படிக் கூடாமல் இருக்கும்?" நியாயமான கேள்வி. கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

100 பெட்டை. இலையுதிர் காலம்வரை பிழைக்கும் குட்டி 60, அதில் ஆண் 30. அடுத்த வருஷம் இந்த 30உம் ஒன்றரை வயதில் முதல் கொம்போடு நிற்கும். விதி இல்லாத காலத்தில் நூற்றுக்கு எண்பது விழும். 24 போனால் மிச்சம் 6. விதி வந்தபின் பாதிக்கு மூன்று கிளை இல்லை, 15 தப்பிக்கும். மீதி 15இல் அதே எண்பது சதவீதம், 12 போகும், 3 மிஞ்சும். மொத்தம் 18. இரண்டரை வயது மான் 6 இருந்த இடத்தில் இப்போது 18.

பெட்டை அதே 100, அடுத்த வருஷக் குட்டியும் அதே 60. ஓர் ஆண் மான் பல பெட்டைகளோடு சேரும் என்பதால் ஆண் கூடினாலும் குட்டி கூடாது. மாறியது ஆண்களின் வயது மட்டும்.

இதில் இன்னொன்றும் தெரியும். முதல் வருஷம் வேட்டைக்குக் கிடைக்கும் ஆண் மான் கண்டிப்பாகக் குறையும். 2001இல் மாநிலத்தில் சுமார் 2.03 லட்சம் ஆண் மான், 2002இல் 1.65 லட்சம். அந்தப் பள்ளம் எதிர்பார்த்ததுதான்.

16 அக்டோபர்

நேற்றைய கணக்கில் இரண்டு ஓட்டை.

ஒன்று, காப்பில்லாத மானை எண்பது சதவீதத்திலேயே சுடுவார்கள் என்று வைத்துக்கொண்டேன். சுடக்கூடிய பெரிய மான் கூடக்கூட ஆட்கள் பொறுமை காட்டுவார்கள், அந்தச் சதவீதம் இறங்கும்.

இரண்டாவது முக்கியம். அந்த 18உம் உங்கள் நிலத்தில் நிற்காது. ஒரு வயதை ஒட்டிய ஆண் மான்களில் பாதிக்கு மேல் பிறந்த இடத்தைவிட்டுப் போய்விடும், ஐந்து மைல் தாண்டுவதும் சகஜம். வசந்தத்தில் தாய் விரட்டுவதால் சில போகும், இலையுதிர் காலத்தில் இணைசேரும் போட்டியால் சில போகும். ஆகவே 200 ஏக்கர் வைத்துக்கொண்டு "நான் விட்ட மான் எங்கே?" என்று கேட்டால், அது பக்கத்து டவுன்ஷிப்பில் இருக்கிறது. அங்கே விட்ட மான் உங்களிடம் வந்திருக்கும். தனி ஆள் நிலத்தில் இந்த விதி பயன் தராமல், மாநிலம் முழுக்க வைத்தால் பயன் தருவது இதனால்தான்.

19 அக்டோபர்

விதியை வைத்து என்ன கிடைத்தது? 2002க்கு முன் இங்கே சுடப்பட்ட ஆண் மான்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஒன்றரை வயது. இப்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டரை வயதோ அதற்கு மேலோ. 2023–24 சீசனில் சுமார் 1.71 லட்சம் ஆண் மான். எண்ணிக்கை 2002ஐவிடக் குறையவில்லை, வயது ஏறியிருக்கிறது.

இதைக் கொண்டுவந்தவர் கேரி ஆல்ட். கரடி ஆராய்ச்சியில் பேர் வாங்கியவர், 1999இல் மான் பிரிவைப் பொறுப்பேற்று ஊர் ஊராகப் போய் மேடையில் பேசினார். மிரட்டல் வந்ததால் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு பேசிய நாளும் உண்டு. கொம்பு விதிக்காக மிரட்டவில்லை. பெட்டையைச் சுடச் சொன்னதற்காக மிரட்டினார்கள். 1900 வாக்கில் இந்த மாநிலத்தில் மான் கிட்டத்தட்ட அற்றுப்போய், 1906இலிருந்து வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். 1907இல் பெட்டையைச் சுடக் கூடாது என்று சட்டம். மூன்று தலைமுறை "பெட்டையைத் தொடாதே" என்று சொல்லி வளர்ந்தது. அந்தச் சொல் ஒரு காலத்தில் மானைக் காப்பாற்றியது. பிறகு அதே சொல் காட்டைத் தின்றது. அவர்கள் கோபத்தை எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

20 அக்டோபர்

"காட்டைத் தின்றது" என்றால் என்ன என்று கேட்டார்கள்.

மிச்சிகனில் ஜார்ஜ் ரிசர்வ் என்று வேலி போட்ட நிலம், இரண்டு சதுர மைலுக்குச் சற்றுக் குறைவு. 1928இல் இரண்டு ஆண், நான்கு பெட்டை விட்டார்கள். ஆறே வருஷத்தில் எண்ணினால் 160. நல்ல தீனி, வேட்டை இல்லை என்றால் மான் போகும் வேகம் அது.

இங்கே அலெகனி காட்டில் வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் பத்து வருஷம் ஒரு சோதனை நடத்தினார்கள். வேலிக்குள் சதுர மைலுக்கு 10, 20, 40, 80 என்று நான்கு அடர்த்தியில் மானை வைத்துப் பார்த்தார்கள். 20ஐத் தாண்டியதும் மரக்கன்றுகள் குறைந்தன. அடர்த்தி ஏற ஏற, மான் தொடாத வைக்கோல் மணப் பெரணியும் கறுப்புச் செர்ரியும் தரையைப் பிடித்துக்கொண்டன. நடுமட்டத்தில் கூடு கட்டும் பறவைகளும் குறைந்தன.

பெரணி ஒருமுறை விரித்துவிட்டால் மானைக் குறைத்தாலும் ஓக் கன்று தலை தூக்காது. நிழலிலேயே சாகும். அங்கே மானைக் குறைப்பதோடு பெரணியையும் அகற்ற வேண்டும். உங்கள் கிளப் நிலத்தில் முழங்கால் உயரத்துக்குப் பெரணி இருக்கிறதா? மான் குறைந்ததற்கு விடை அதிலேயே இருக்கலாம். தின்ன ஒன்றும் இல்லாத காட்டில் மான் ஏன் நிற்க வேண்டும்?

24 அக்டோபர்

ஒரு வாசகர் கேட்கிறார், மூன்று கிளை நல்லது என்றால் எல்லா மாநிலத்திலும் வைத்துவிட்டால் என்ன?

கூடாது. கொம்பு விதியில் கெட்டுப்போகும் இடமே இதுதான். ஒன்றரை வயது மானுக்கு எத்தனை கிளை என்பது மண்ணையும் தீனியையும் பொறுத்தது. அளவை அந்தந்த ஊர் ஒன்றரை வயதுக் கொம்புக்கு ஏற்ப வைக்க வேண்டும். பென்சில்வேனியா மேற்கில் வேறு அளவு வைத்ததும் அதனால்தான். அங்கே விளைநிலத் தீனி, மூன்று கிளை என்றால் இளசுகளில் பாதிகூடத் தப்பாது.

மிசிசிப்பியில் பட்டார்கள். 1995இல் மாநிலம் முழுக்க, இரண்டு கொம்பும் சேர்த்து நான்கு கிளை என்று விதி. செழிப்பான மண்ணில் ஒன்றரை வயதிலேயே பலவற்றுக்கு நான்குக்கு மேல். விளைவு, நல்ல கொம்போடு வந்த இளசு செத்தது, ஸ்பைக் பிழைத்தது. சில வருஷத்தில் சில பகுதிகளில் இரண்டரை, மூன்றரை வயது மான்களின் கொம்பு முன்பைவிடச் சிறுத்துவிட்டதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். வயலில் நன்றாக வந்த நாற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சோப்ளாங்கியை வளர்த்தால் என்ன ஆகுமோ அதுதான். 2009இல் கிளைக் கணக்கை விட்டுவிட்டு, கொம்புகளின் உள் அகலம் அல்லது மெயின் பீம் நீளம் என்று மாற்றினார்கள்.

டெக்சஸ் முதலிலேயே வேறு வழி போனது. 2002இல் ஆறு கவுண்டியில் தொடங்கி இப்போது நூற்றுக்கு மேல். உள் அகலம் 13 அங்குலம் இருந்தால் சுடலாம், அல்லது ஒரு கொம்பாவது கிளையில்லாமல் இருந்தால் சுடலாம். 13 ஏன்? மான் உஷாராகக் காதை விறைத்து நிற்கும்போது ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனிக்கு ஏறக்குறைய 13 அங்குலம். மானே அளவுகோலைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறது! கொம்பு காதுக்கு வெளியே போனால் சரி. ஆனால் காது பின்னால் மடிந்திருந்தால் இந்த அளவு ஏமாற்றும், நேர் முகமாகப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

25 அக்டோபர்

நாற்று உவமையில் கொஞ்சம் அவசரப்பட்டேன். மரபணுவே கெட்டுவிட்டது என்று சிலர் படித்துக்கொள்வார்கள். அப்படி இல்லை.

ஸ்பைக் என்றால் மட்டமான வித்து என்பது பழைய நம்பிக்கை. ஒன்றரை வயதில் ஸ்பைக்காக நிற்பதற்குப் பெரிய காரணம் தாமதப் பிறப்பும் தீனிக் குறைவும். நவம்பர் நடுவில் சினை பிடிக்காத பெட்டை சுமார் 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும். சினைக் காலம் சுமார் 200 நாள். மே கடைசியில் பிறக்க வேண்டிய குட்டி ஜூன் கடைசியில் பிறக்கும், குளிருக்கு முன் ஒரு மாத வளர்ச்சி போச்சு. அந்தக் கடனை ஒன்றரை வயதுக் கொம்பில் பார்க்கலாம். நான்கரை வயதுவாக்கில் பெரும்பாலும் அடைத்துவிடும். தெற்கு டெக்சஸில் மான்களைப் பிடித்து அடையாளமிட்டு வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது அப்படித்தான் தெரிந்தது. அதே டெக்சஸில் கெர் என்ற ஆராய்ச்சிப் பகுதியில் மான்களை அடைத்து வைத்து நடத்திய சோதனைகள் வித்துதான் காரணம் என்று எதிர்ப்பக்கம் சொன்னதும் உண்மை. நான் முதல் பக்கம் சாய்கிறேன், காட்டு மான் காட்டுத் தீனியில்தான் வளர்கிறது.

மிசிசிப்பியில் நடந்தது ஒரே வயதுக் கூட்டத்தில் பெரியதை எடுத்துச் சிறியதை விட்டது. அதற்கு வித்து கெட வேண்டிய அவசியமே இல்லை.

2 நவம்பர்

இழை வழி மாறினாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி: "நம்ம ஊர் புள்ளிமானுக்கு இப்படி விதி போட முடியுமா?"

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டையே குற்றம். காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பைக்கூட எடுத்துவரக் கூடாது. அதனால் அந்தப் பேச்சு இல்லை. ஆனால் உயிரியல் கேள்வியாக எடுத்தால் சுவையானது. புள்ளிமானும் மிளாவும் வளர்ந்த பிறகு பொதுவாக ஒரு கொம்புக்கு மூன்று கிளையோடு நின்றுவிடும். வயதாக ஆக நீளமும் பருமனும்தான் ஏறும். கிளை எண்ணி வயது பிரிக்க அங்கே வழியில்லை. வெள்ளைவால் மானிலும் கிளையை வைத்து இரண்டரை, மூன்றரை, நான்கரையைப் பிரிக்க முடியாது. ஒன்றரையைப் பிரிக்க மட்டுமே உதவும், அதுவும் பாதியை.

தமிழில் மாட்டுக்கும் மானுக்கும் ஒரே "கொம்பு" என்பதால் ஒரு குழப்பம். மாட்டுக் கொம்பு ஆயுளுக்கும் நிற்கும். மான் கொம்பு முழு எலும்பு, வருஷம்தோறும் விழுந்து முளைக்கும். வெள்ளைவாலுக்கு ஏப்ரலில் துளிர்த்து, ஆகஸ்ட் கடைசியில் வெல்வெட் தோல் உரிந்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் உதிரும். ஜனவரி சீசனில் "கொம்பில்லாதது" என்று சுட்டது கொம்பு உதிர்த்த ஆணாக இருக்கலாம், நெற்றியில் இரண்டு குமிழைத் தேடிப் பாருங்கள். ஆணைக் கலை, பெண்ணைப் பிணை, குட்டியை மறி என்று தனித்தனிப் பேர் வைத்த மொழி இது. இந்த இழையில் அந்தச் சொற்களைப் புழங்கலாமே என்று ஒருவர் சொன்னது பிடித்திருந்தது.

9 நவம்பர்

நோய்ப் பக்கம் இதுவரை யாரும் தொடவில்லை. கொம்பு விதிக்கு எதிரான வலுவான வாதம் அங்கேதான் இருக்கிறது.

சி.டபிள்யூ.டி. என்பது மான்களுக்கு வரும் உருக்கி நோய், ப்ரையான் என்ற உருத்திரிந்த புரதத்தால் வருவது. 1967இல் கொலராடோவில் முதலில் கண்டது, பென்சில்வேனியாவில் 2012இல். நோய் வந்த மான் பிழைக்காது, அந்தப் புரதம் மண்ணில் பல வருஷம் தங்கும். வயது வந்த ஆண்களில் பெட்டையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. நாம் விதி போட்டு வளர்ப்பது அதே வயது வந்த ஆணைத்தான்! இளம் ஆணோ மைல் கணக்கில் இடம் மாறுகிறது. மிசூரி 2004இல் 29 கவுண்டியில் ஒரு பக்கம் நான்கு கிளை விதி வைத்து, பிறகு விரித்தது. நோய் வந்த கவுண்டிகளில் அதையே எடுத்துவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நோய்ப் பகுதியில் கொம்பு விதியை நான் ஆதரிக்க மாட்டேன்.

நோய்ப் பகுதியில் சுட்டால்: கொம்பை அறுத்தெடுத்துவிட்டு, தலையைக் கழுத்தில் சில அங்குலம் விட்டு வெட்டுங்கள். சோதனைக்கு வேண்டிய நிணநீர்க் கணு தொண்டைக்குப் பின்னால் இருக்கிறது, ஒட்ட வெட்டினால் அது போய்விடும். பையில் கட்டி, வேட்டை விவரம் நிரப்பிய டேகை (அடையாளச் சீட்டு) மாட்டி, சேகரிப்புப் பெட்டியில் போடுங்கள். தலையையும் முதுகெலும்பையும் அந்தப் பகுதிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. முடிவு வரும்வரை கறியைச் சாப்பிடாமல் வையுங்கள்.

28 நவம்பர்

சனிக்கிழமை ரைபிள் சீசன் திறக்கிறது. கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள்: இந்த முறை உங்கள் கிளப்பில் விழும் ஒவ்வொரு மானுக்கும் தாடையைப் பாருங்கள். கொம்பைப் பார்த்து வயது சொல்லாதீர்கள்.

கன்னத்தைக் கத்தியால் கிழித்துக் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லை எண்ணுங்கள். நான்கோ ஐந்தோ இருந்தால் குட்டி. ஆறு இருந்தால் முன்னாலிருந்து மூன்றாவதைப் பாருங்கள். அதில் மூன்று முகடு இருந்தால் ஒன்றரை வயது. இரண்டு முகடு, ஆனால் பக்கத்துப் பற்களில் உள்ள பழுப்புக் கறை இல்லாமல் வெள்ளை வெளேரென்று பாதி முளைத்து நின்றால் அதுவும் ஒன்றரைதான், பால்பல் இப்போதுதான் விழுந்திருக்கிறது. இரண்டு முகடு, கறையும் தேய்மானமும் இருந்தால் இரண்டரை அல்லது மேல். அதற்கு மேல் பிரிக்க நான்காவது பல்லின் நாக்குப்பக்க முகட்டைப் பாருங்கள்: நடுவில் தெரியும் பழுப்பு டென்டின், வெள்ளை எனாமலைவிட ஒடுங்கியிருந்தால் இரண்டரை, அகன்றிருந்தால் மூன்றரை. அதற்கும் மேல் தேய்மானத்தை நம்பாதீர்கள், மணல் மண்ணில் பல் வேகமாகத் தேயும். முன்பல் இரண்டை வேர் நுனி உடையாமல் பிடுங்கிக் காகித உறையில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் அழுகும்.

ஒன்றரை வயது ஆணுக்குக் கொம்பின் அடி வளையத்துக்கு ஓர் அங்குலம் மேலே காலிப்பர் வைத்துப் பீமின் விட்டத்தையும் குறியுங்கள். பெட்டை இந்த வருஷம் குட்டி வளர்த்ததா என்று தெரிய, மடியில் பால் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

15 டிசம்பர்

கேள்வி கேட்டவர் கணக்கு அனுப்பியிருக்கிறார், நன்றி. ஆண் 7: ஒன்றரை வயது 2, இரண்டரை 4, மூன்றரை 1. பெட்டை 5: வயது வந்தவை 4, பால் இருந்தது 2. ஒன்றரை வயது இரண்டும் மெலிந்த பீம்.

பன்னிரண்டு மானை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, மூன்று வருஷத்தைச் சேர்த்தால்தான் பேசும். பால் கணக்கும் குறைவாகவே காட்டும், டிசம்பருக்குள் சிலதுக்கு வற்றிவிடும். இருந்தாலும் ஆண்களின் வயது அடுக்கில் குறையே தெரியவில்லை. விதி அதன் வேலையைச் செய்திருக்கிறது. மெலிந்த பீமும் பாதிப் பாலும் தீனிப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

ஏப்ரலில் மண் இளகியதும் ஓக் விதை விழும் இடத்தில் பத்துக்குப் பத்து அடிக்குக் கம்பிவலை அடைப்பு ஒன்று போடுங்கள். ஆறடி உயரம் போதும், அவ்வளவு ஒடுங்கிய இடத்துக்குள் மான் தாவாது. உள்ளே இருக்கும் பெரணியை வேரோடு எடுங்கள். பக்கத்திலேயே அதே அளவில், பெரணியை எடுத்து, வேலி இல்லாமல் நான்கு குச்சி நட்டு இன்னொரு கட்டம். மூன்றாவது கட்டத்தில் எதையும் தொடாதீர்கள். செப்டம்பரில் மூன்றிலும் முழங்கால் உயரக் கன்றுகளை எண்ணி இங்கே போடுங்கள்.